தண்ணீர் பட்டதும் கொதித்த கிளிஞ்சல்

சுண்ணாம்புக் காளவாய்க்கு நான் போய்ச் சேர்ந்தபோது தீ அணைந்து ஓர் இரவு கழிந்திருந்தது. ஆள் உயர வட்டச் சுவருக்குள் ஓர் அடுக்கு கிளிஞ்சல், ஓர் அடுக்கு கரி என்று மாற்றி மாற்றி நிரப்பிச் சுட்டிருந்தார்கள்.

“கை காய்ஞ்சிருக்கா தம்பி?” என்று கேட்டுவிட்டுத்தான் அங்கிருந்த பெரியவர், சுட்ட கிளிஞ்சல் ஒன்றை என் உள்ளங்கையில் வைத்தார். முதுகிலிருந்த வரிகூட அழியவில்லை. சூடும் இல்லை. ஆனால் எடை வெகுவாகக் குறைந்திருந்தது. 100 கிலோ கிளிஞ்சலைச் சுட்டால் சுமார் 56 கிலோதான் மிஞ்சும்; மற்றது கரியமில வாயுவாகப் போய்விடும். அதைப் பிரித்தெடுக்கத்தான் 900 டிகிரி அளவுக்குச் சூடு வேண்டும்.

வாளியில் கொஞ்சம் அள்ளிப்போட்டுத் தண்ணீர் ஊற்றினார். முதலில் ஒன்றுமே நடக்கவில்லை. கிளிஞ்சல்கள் தண்ணீரை உறிஞ்சிக்கொண்டு சும்மா கிடந்தன. பிறகு ஒன்று ‘சட்’டென்று பிளந்தது. அடுத்து இன்னொன்று. ஆவி குப்பென்று எழ, வாளியே தளதளவென்று கொதித்தது. “தள்ளி நில்லுங்க, கண்ணுல தெறிச்சா பார்வை போயிடும்.” ஒரு கிலோ சுத்தமான சுட்ட சுண்ணாம்பு வெளியிடும் வெப்பத்தில் ஏறக்குறைய நான்கு லிட்டர் தண்ணீர் கொதிநிலைக்கு வந்துவிடும்.

வேதிப் பிணைப்பு உடைந்தால் சக்தி வெளிவரும் என்றே வெகுகாலம் நினைத்திருந்தேன். நடப்பது நேர்மாறு. உடைக்கச் செலவாகும், சேரும்போதுதான் வரவு. காளவாயின் வெப்பம் கிளிஞ்சலுக்குள் கங்குபோல ஒளிந்திருக்கவில்லை. துணையைப் பிரிந்த சுண்ணாம்பு எதனோடாவது சேரத் தயாராக நிற்கிறதே, அந்த நிலைதான் சேமிப்பு.

கணக்கு இன்னும் அழகு. 56 கிராம் சுட்ட சுண்ணாம்பு உருவாக 178 கிலோஜூல் செலவு. தண்ணீரோடு சேரும்போது திரும்புவது 65. மீதி 113? சுவரில் பூசிய பிறகு, காற்றிலுள்ள கரியமில வாயுவை மெல்ல மெல்ல வாங்கி அது மறுபடி கிளிஞ்சலின் பொருளாகவே இறுகும்போது வருகிறது. எந்த வழியாகப் போனாலும் மொத்தக் கணக்கு மாறாது என்று வேதியியலாளர் ஹெஸ் 1840-இல் சொன்னது இதைத்தான்.

கொட்டகைச் சுவருக்குப் போன மாதம்தான் சுண்ணாம்பு பூசினார்களாம். உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். அந்த 113 இன்னும் வந்துகொண்டிருக்க வேண்டும். சுவர் ஜில்லென்று இருந்தது.