அளவோடு ஊட்டுங்கள்!

"அம்மா, நான் வர்ற வரைக்கும் இவங்களைப் பட்டினி போட்டுடாதே!" தேசிய சேவைக்குக் கிளம்பிய என் மகன், வாசலில் காலணி மாட்டிக்கொண்டே சொன்னது இதுதான். 'இவங்க' என்றது எங்கள் சிங்கப்பூர் வீட்டுக் கூடத்தில் அவன் ஆசையாய் வளர்க்கும் கடல்நீர் மீன்தொட்டியை. ஆரஞ்சும் வெள்ளையுமாய் இரண்டு கோமாளி மீன்கள், மஞ்சளாய் ஒரு சர்ஜன் மீன், பாறை மேல் பூவாய் விரிந்திருக்கும் பவளங்கள்.

பட்டினி போடுவேனா நான்! அவன் வாங்கி வைத்திருந்த உறைந்த தீனி பத்தே நாளில் தீர்ந்தது. கடைக்குக் கொட்டிக் கொடுப்பானேன் என்று தேக்கா மார்க்கெட்டில் இறால் வாங்கி வந்தேன். உரித்ததும் பழக்க தோஷம், கை தானாக மஞ்சள் டப்பாவுக்குப் போயிற்று! நல்லவேளை, 'உப்பு, மஞ்சள், எண்ணெய் கூடவே கூடாது, வேக வைக்காதே' என்று அவன் எழுதி ஒட்டியிருந்த தாள் கண்ணில் பட்டது.

ஆனாலும் நான் செய்தது தப்புதான். சட்னி மாதிரி மைய அரைத்து, மூன்று வேளையும் கரைத்து ஊற்றினேன். வயிறு வாடக்கூடாதே! ஒரே வாரம்தான். கண்ணாடியெல்லாம் பச்சைப் பாசி, தண்ணீர் கலங்கல், பவளங்கள் சுருங்கிவிட்டன. ஒரு கோமாளி மீன் மேலே வந்து மூச்சுக்குத் தவித்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

விடுப்பில் வந்த பிள்ளை என்னைத் திட்டவில்லை. பாதித் தண்ணீரை மாற்றினான். "மிச்சம் கிடக்கிற தீனி அழுகி நஞ்சாயிடும்மா" என்றான். மீன் பிழைத்தது. ஒரு பவளம் மட்டும் மறுபடி விரியவே இல்லை.

அன்று அவன் கற்றுக்கொடுத்தபடிதான் இன்றும் செய்கிறேன். உங்கள் வீட்டிலும் இப்படித் தொட்டி இருந்தால் குறித்துக்கொள்ளுங்கள்.

இறால் 200 கிராம், கணவாய் 100 கிராம், கொழுப்பில்லாத வெள்ளை மீன் 100 கிராம், ஒரு கைப்பிடி சிப்பிச் சதை. எல்லாம் பச்சையாக, புதிதாக இருக்க வேண்டும். ஒரே வகையையே தினமும் போட்டால் சத்துக் குறையும். வெறும் தண்ணீரில் நன்றாக அலசி, அரிசி அளவுக்கு நறுக்குங்கள். பவளத்துக்கென்று கொஞ்சத்தை மட்டும் மிக்ஸியில் இரண்டு சுற்று சுற்றி ரவை பதமாக்கலாம். உப்பும் மசாலாவும் சேராத நோரி என்ற கடற்பாசித் தாள் ஒன்றைக் கிள்ளிப் போட்டுக் கலக்குங்கள்.

கலவையைப் பிளாஸ்டிக் பையில் மெல்லியதாகத் தட்டி, கத்தியின் முதுகால் பர்பிக்குப் போடுவது போல் கோடு போட்டு உறைய வையுங்கள். வேண்டும்போது ஒரு வில்லையை ஒடித்துக்கொள்ளலாம். பையின் மேல் 'மீன் தீனி' என்று எழுத மறக்காதீர்கள். எங்கள் வீட்டில் என்னவர் ஒரு நாள் தேங்காய்ச் சட்னி என்று எடுத்துவிட்டார்!

போடும்போது ஒரு வில்லையைத் தொட்டித் தண்ணீர் ஒரு கப்பில் பத்து நிமிடம் ஊறவிட்டு, டீ வடிகட்டியில் வடித்து, அந்தச் சாற்றைக் கொட்டிவிடுங்கள். பாசி வளர அதுவும் துணைபோகும். இரண்டு நிமிடத்தில் தின்று தீர்க்கும் அளவே போதும். உருகியதை மறுபடி உறைய வைக்காதீர்கள். இதற்கென்று தனிக் கத்தி, தனி வடிகட்டி வைத்துக்கொண்டு, வேலை முடிந்ததும் கையைச் சோப்பால் கழுவுங்கள். கையில் காயம் இருந்தால் தொட்டிக்குள் கையை விடவே வேண்டாம்.

இவனையே சின்ன வயதில் மடியில் இறுக்கிப் பிடித்து, வாயை மூடிக்கொண்டாலும் இன்னொரு கவளம் திணித்தவள் நான். கைக்குழந்தைக்காரிகளே, நீங்களாவது குழந்தை போதும் என்று முகத்தைத் திருப்பினால் விட்டுவிடுங்கள்.

அன்று இரவு, இளைத்து வந்திருக்கிறானே என்று நாலாவது தோசையைத் தட்டில் போடப் போனேன். பிள்ளை கையால் தட்டை மறைத்துக்கொண்டு சிரித்தான்.

"எனக்குமாம்மா?"