தபாற்காரர் பூங்காவில் ஒரு பெயர்

பயிற்சியொன்றுக்காக இலண்டன் சென்றிருந்தபோது, ஒரு மதிய இடைவேளையில் புனித பவுல் பேராலயத்திற்கு அருகிலுள்ள சிறிய பூங்காவொன்றுக்குச் சென்றேன். முன்னர் தேவாலய மயானமாக இருந்த அந்நிலம் 1880இல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. பக்கத்திலிருந்த தலைமைத் தபாலக ஊழியர்கள் இளைப்பாற வந்ததால் 'தபாற்காரர் பூங்கா' எனப் பெயர் பெற்றது. சுற்றிலும் உயர்ந்த கட்டடங்கள். உள்ளே மரநிழலும் சில வாங்குகளும்.

ஓரமாக ஒரு தாழ்வாரம். அதன் சுவரில் பதித்த பீங்கான் ஓடுகளில், பிறரைக் காப்பாற்றும்போது உயிரிழந்த சாதாரண மக்களின் பெயர்கள் உள்ளன. ஜோர்ஜ் பிரெடரிக் வாட்ஸ் என்ற ஓவியரின் முயற்சியால் 1900இல் அமைந்தது இது. அரசர்களோ தளபதிகளோ அங்கில்லை.

அலிஸ் அயர்ஸ் ஒரு கூலித் தொழிலாளியின் மகள். 1885இல் சகோதரியின் வீடு தீப்பற்றியபோது, மெத்தையை யன்னலால் எறிந்து, மூன்று பிள்ளைகளையும் ஒவ்வொருவராக அதன்மேல் போட்டார். கடைசியில் தானும் கீழே விழுந்தார், பிழைக்கவில்லை.

வாங்கில் அமர்ந்தேன். 2009இல் பதுங்குகுழி வாசலில் தன்னை மூடியபடி இறந்த அக்காவைப் பற்றி ஒரு தங்கை எனக்குச் சொன்னது நினைவில் வந்தது. என் படிவத்தில் இறந்தவர், காயமடைந்தவர், காணாமற்போனவர் என்ற நிரல்கள் இருந்தன. காப்பாற்றியவர் என்றொரு நிரல் இருக்கவில்லை. 'இறந்தவர்' என்று மட்டுமே எழுதினேன்.

சகோதரிகளே, நமக்குச் சுவர் இல்லாவிட்டாலும் ஓர் அப்பியாசக் கொப்பி போதும். உங்களைக் காத்தவரின் பெயர், நாள், அவர் செய்த செயல் ஆகிய மூன்றையும் எழுதி வையுங்கள். அந்த ஓடுகளிலும் பெரும்பாலும் அவ்வளவுதான் எழுதியிருக்கிறது.