சாண்டிநல்லா சேற்றில் ஒரு பழைய கணக்கு

ஊட்டியிலிருந்து கூடலூர் பஸ்ஸில் ஏறினால் ஜன்னல் சீட்டுக்குத்தான் முதல் சண்டை. பைக்காரா எப்போ வரும், சினிமா ஷூட்டிங் எடுக்கிற புல்மேடு எப்போ வரும் என்று பிள்ளைகள் நச்சரித்துக்கொண்டே வருவார்கள். நடுவில் சாண்டிநல்லா என்று ஓர் இடம் வரும். ஆட்டுப் பண்ணை போர்டு ஒன்று, இரண்டு பக்கமும் புல்லுச் சரிவு, பள்ளத்தில் கொஞ்சம் சதுப்பு. யாரும் இறங்க மாட்டார்கள்.

நான் ஒருமுறை வாடகைக் காரை அங்கே நிறுத்தச் சொன்னபோது டிரைவர் அண்ணன் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "இங்க என்ன சார் இருக்கு? வெறும் சேறு. பைக்காராவுல போட்டிங்காவது போகலாம்!"

அவர் சொன்னது சரி, சேறுதான். ஆனால் இந்தச் சேற்றின் அடிப்பகுதிக்கு வயது 40,000 ஆண்டுகளுக்கு மேல்!

நீலகிரியின் உச்சியில், சுமார் 2,000 மீட்டருக்கு மேலே, குளிரும் ஈரமும் இருப்பதால் பள்ளங்களில் விழும் இலையும் புல்லும் சட்டென்று மக்குவதில்லை. அடுக்கடுக்காகப் படிந்து, கறுத்த பஞ்சு மாதிரி தங்கிவிடும். 'பீட்' என்பார்கள். மேல் அடுக்கு நம் காலத்துப் புல். தோண்டத் தோண்ட நம் முப்பாட்டனுக்கும் முப்பாட்டன் காலத்துப் புல்.

இந்த மண்ணைத் தோண்டி எடுத்துப் படித்தவர்களில் முக்கியமானவர் ராமன் சுகுமார். சென்னைக்காரர், 1955ல் பிறந்தவர். சின்ன வயதிலேயே பாட்டி இவரை 'வனவாசி' என்றுதான் கூப்பிடுவாராம். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் சூழலியல் பேராசிரியராக இருந்தவர். பத்திரிகைகளில் 'யானை மனிதர்' என்றே இவரைப் பற்றி எழுதுவார்கள். யானை ஆராய்ச்சிக்காரருக்குச் சேற்றில் என்ன வேலை?

ஒரு பழைய தகராறு இருந்தது. நீலகிரி உச்சியில் பள்ளங்களில் மட்டும் சோலைக்காடு, மற்றபடி எங்கும் புல்வெளி. இது இயற்கையா, மனிதன் செய்ததா? மலை முழுக்கச் சோலைதான் இருந்தது, தோடர்கள் எருமை மேய்க்கத் தீ வைத்து வைத்து அது புல்லாகிவிட்டது என்று ஒரு கட்சி. இல்லை, புல் எப்போதும் இருந்தது என்று இன்னொரு கட்சி.

சுகுமாரும், அகமதாபாத் இயற்பியல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த ரமேஷ் உள்ளிட்டோரும் பீட் மண்ணிடமே இதைக் கேட்டார்கள். செடிகள் காற்றிலிருந்து கார்பனை எடுத்துக்கொள்ளும் முறையில் முக்கியமாக இரண்டு வகை உண்டு. மரங்களும் நெல்லும் ஒரு வகை. சோளம், கரும்பு, கேழ்வரகு, வறட்சி தாங்கும் பல புற்கள் இன்னொரு வகை. இரண்டு வகையிலும் கார்பன்-13 என்கிற கனமான கார்பனின் அளவு வேறுபடும். செடி செத்து மக்கினாலும் அந்த அளவு மண்ணில் அப்படியே இருக்கும். ஒவ்வொரு அடுக்கிலும் அதை அளந்தால், அப்போது அங்கே எந்த வகைச் செடி ஓங்கியிருந்தது என்று தெரிந்துவிடும்.

1993ல் 'நேச்சர்' இதழில் முடிவு வந்தது. சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன், உலகமே பனியில் உறைந்திருந்த காலத்தில், இங்கே கடும் வறட்சி. புல்லின் ராஜ்ஜியம்தான். பிறகு சுமார் 10,000 ஆண்டுகளுக்கு முன்பு பருவமழை வலுத்தது, மறு வகைச் செடிகள் ஏறி வந்தன. பின்னால் மறுபடி வறட்சி, மறுபடி புல். ஆக, மலையில் மேய்ச்சலும் விவசாயமும் தொடங்குவதற்கு வெகு காலம் முன்பே புல்வெளி இருந்திருக்கிறது. தோடர் மேல் போட்ட பழியில் பாதியாவது அன்றைக்கு இறங்கியது என்பேன்.

இது வெறும் பழங்கதை இல்லை. புல்வெளியை 'தரிசு' என்று நினைத்துத்தான் வெள்ளைக்காரர்கள் இங்கே சீகை மரத்தையும் கற்பூர மரத்தையும் கொண்டுவந்து நட்டார்கள். சுதந்திரத்துக்குப் பிறகு நம்மவர்கள் இன்னும் வேகமாக நட்டார்கள். தோல் பதனிட சீகைப் பட்டை, ரேயானுக்குக் கற்பூர மரம். மிச்சமிருந்த சதுப்புகளில் பலவற்றை வடித்து கேரட்டும் உருளைக்கிழங்கும் போட்டாயிற்று. ஊட்டிக்குப் போய் "எவ்வளவு பச்சை!" என்று நாம் போட்டோ எடுப்பதில் பாதி, வரையாடு மேய்ந்த புல்லை மூடிய ஆஸ்திரேலிய மரம்! இப்போது வெட்டலாம் என்றால் அதிலும் சிக்கல். வெட்டிய இடத்தில் சீகை விதை இன்னும் அடர்த்தியாக முளைக்கிறது. சில இடங்களில் சீகை நிழலிலேயே சோலைக் கன்றுகள் வளர்ந்திருக்கின்றன.

காரில் ஏறி நடுவட்டம் தாண்டி வளைந்து வளைந்து இறங்கினால், குளிர் போய் ஸ்வெட்டரைக் கழற்றவேண்டி வரும். கூடலூர், தொரப்பள்ளி செக்போஸ்ட், அப்புறம் முதுமலை. இதுதான் 'யானை மனிதரின்' சொந்த ஊர் மாதிரி.

1980களின் தொடக்கத்தில், மாதவ் காட்கிலின் மாணவராக, சத்தியமங்கலம், பிலிகிரிரங்கன் மலைப் பக்கம் யானைகளின் பின்னால் அலைந்தார் சுகுமார். யானை ஏன் வயலுக்கு வருகிறது என்பதுதான் கேள்வி. காட்டில் தீனி இல்லாததால் மட்டும் அல்ல, காட்டுப் புல்லைவிடக் கேழ்வரகில் சத்து அதிகம் என்பதாலும் வருகிறது, அதிலும் பெண் யானைக் கூட்டத்தைவிட ஆண் யானைகளே அதிகம் துணிந்து வருகின்றன என்று கண்டார். கேழ்வரகு விதைத்துவிட்டுப் பரணில் ராத்தூக்கம் தொலைத்தவர்களுக்கு இது புதுசா என்று கேட்கலாம். எத்தனை ராத்திரி, எந்த யானை என்று எண்ணிப் பார்த்துச் சொன்னதுதான் புதுசு.

அந்த எண்ணும் பழக்கம் 1988ல் மரத்துக்கு வந்தது. முதுமலைக் காட்டுக்குள் ஒரு கிலோமீட்டர் நீளம், அரைக் கிலோமீட்டர் அகலம், மொத்தம் 50 ஹெக்டேர். நம் கணக்கில் 123 ஏக்கர் சொச்சம். அதற்குள் ஒரு சென்டிமீட்டர் தடிமனுக்கு மேல் இருக்கிற ஒவ்வொரு மரம், செடிக்கும் ஒரு நம்பர் வில்லை. முதல் கணக்கெடுப்பில் 25,000க்கும் மேல், 70க்கும் மேற்பட்ட இனங்கள். தேக்கு, வெண்தேக்கு, கருமருது, வெக்காலி என்று எல்லாவற்றுக்கும் மேப்பில் ஓர் இடம். பனாமாவின் பாரோ கொலராடோ தீவில் தொடங்கி, பின்னாளில் இலங்கையின் சிங்கராஜா வரை, உலகம் முழுக்க இப்படி எண்ணப்படும் காடுகளில் இதுவும் ஒன்று.

ஒருமுறை எண்ணிவிட்டுப் போனால் சுலபம். இங்கே வருஷா வருஷம் போய், எது செத்தது, எது புதிதாக வந்தது என்று பார்க்கிறார்கள். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை எல்லாவற்றின் சுற்றளவையும் அளக்கிறார்கள். உள்ளூர்ப் பழங்குடி மக்களின் கண் இல்லாமல் இது நடக்காது. இலை உதிர்ந்த கோடையில் வெறும் பட்டையைப் பார்த்து மரத்தின் பெயர் சொல்ல எத்தனை பட்டதாரிகளால் முடியும்? பக்கத்துப் புதரில் யானை நிற்கிறதா என்பதையும் அவர்கள்தான் முதலில் மோப்பம் பிடிக்க வேண்டும்.

நாம் காடு என்றால் அசையாமல் நிற்கும் ஒன்று என்று நினைக்கிறோம். இந்தக் கணக்கு அப்படிச் சொல்லவில்லை. கிடியா என்றொரு சிறு மரம் முதலில் ஆயிரக்கணக்கில் இருந்தது. யானைக்கு அதன் பட்டை மேல் கொள்ளை ஆசை. சில ஆண்டுகளிலேயே பெரும்பகுதி போய்விட்டது. தீ வந்த ஆண்டுகளில் குட்டிச் செடிகள் கும்பலாகச் செத்தன. தடித்த பட்டை உள்ள பெரிய மரங்கள் தப்பின. செத்ததாக நினைத்த சில செடிகள் வேரிலிருந்து துளிர்த்தன. ஐந்து வருஷம் மட்டும் பார்த்தவர் 'காடு அழிகிறது' என்று எழுதியிருப்பார். முப்பது வருஷத்துக்கு மேல் பார்த்தால்தான் ஏற்றமும் இறக்கமும் தெரிகிறது.

2006ல் ஜப்பானின் காஸ்மோஸ் பரிசு சுகுமாருக்குக் கிடைத்தது. அதைப் பெற்ற முதல் இந்தியர் அவர்.

இந்த ஆராய்ச்சிப் பகுதிக்குள் சுற்றுலாப் பயணிகள் போக முடியாது. ஆனால் தெப்பக்காட்டில் முகாம் யானைகளுக்குக் கேழ்வரகுக் களி உருண்டை ஊட்டுவதைப் பார்க்கலாம். ஆஸ்கர் வாங்கிய படத்தின் புண்ணியத்தில் கூட்டம் அதிகம், கொஞ்சம் முன்னாலேயே போய்விடுங்கள். சொந்த வண்டி என்றால் நீலகிரிக்கு இ-பாஸ் எடுக்க மறக்காதீர்கள். காட்டு வழியே மைசூரு போகும் சாலையை இரவு 9 மணிக்கு மூடினால், காலை 6 மணிக்குத்தான் திறப்பார்கள்.

திரும்பி வரும்போது டிரைவர் அண்ணன் தானாகவே சாண்டிநல்லாவில் வேகத்தைக் குறைத்தார். "இங்கதானே சார் அந்தச் சேறு?"