வீட்டுக்காரர் கொடுத்த நகல்

சேத்துப்பட்டு என்றதும் சென்னையில் இருப்பதை நினைக்க வேண்டாம். இது ஆரணிக்குத் தெற்கே, திருவண்ணாமலை மாவட்டத்து ஊர். ஆரணி முதலாளிகளிடம் பாவு வாங்கிக் கூலிக்குப் பட்டு நெய்யும் குடும்பங்கள் இந்தப் பக்கம் உண்டு. அப்படி நெய்யும் ஒரு பெண் சில ஆண்டுகளுக்கு முன் வக்கீலான என்னிடம் வந்தார். அவர் பெயரையும் தெருவையும் எழுதப்போவதில்லை. அவருடைய வழக்கே அதைப் பற்றியதுதான்.

குழுக்கடனில் இரண்டு தவணை நின்றுபோயிருந்தது. வசூலுக்கு வந்தவர், வீட்டை வாடகைக்கு விட்ட வீட்டுக்காரரைப் பிடித்தார். ஆதார் நகலும் வாடகை ஒப்பந்தமும் வாட்ஸ்அப்பில் போய்விட்டன. போதாததற்கு, சேலையைக் கொடுத்துவிட்டுக் கூலி வாங்கிவரும் நாளையும் வீட்டுக்காரரே சொல்லிவிட்டார். அன்றிரவு எட்டு மணிக்கு வசூல்காரர் வாசலில் நின்றார். ஒப்பந்தத்தில் சாட்சிக் கையெழுத்துப் போட்ட கொழுந்தனாருக்கும் போன் போனது. வீட்டு அட்வான்ஸைக் கடனில் கழித்துக்கொள்ளலாம் என்ற பேச்சு வேறு.

"கடன் வாங்குனது நெசம் சார், கட்டிடுவேன். எங்க வூட்டு சங்கதிய எடுத்துக் குடுக்க இவரு யாரு?" என்றார் அந்தப் பெண்.

வீடு மாறவும் வழியில்லை. கூடத்தில் குழி வெட்டிப் போட்ட தறி, அதில் பாதி நெய்த பாவு. குழி வெட்டச் சம்மதிக்கும் வீடு கிடைப்பதே அரிது. இது தெரிந்துதான் நெசவுக் குடும்பங்கள் வீட்டுக்காரர் செய்வதையெல்லாம் பொறுத்துக்கொள்கின்றன.

வீட்டுக்காரர் கெட்ட மனிதரல்ல. "போலீசுக்குக் குடுக்கணும்னு சொல்றாங்களே, இவருக்குக் குடுத்தா தப்பா?" என்று உண்மையாகவே கேட்டார். பலருக்கும் உள்ள குழப்பம் இது. 2012 பிப்ரவரியில் வேளச்சேரியில் ஒரு வாடகை வீட்டில் வங்கிக் கொள்ளை வழக்கில் தேடப்பட்ட ஐந்து பேர் சுட்டுக் கொல்லப்பட்டதை அடுத்து, குடியிருப்போர் விவரத்தைக் காவல் நிலையத்தில் தர வேண்டும் என்று சென்னை மாநகரக் காவல் ஆணையர் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 144-ஆம் பிரிவின்படி உத்தரவிட்டார். தனியுரிமைக்கு எதிரானது என்று வழக்கு தொடுத்தும் உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்யவில்லை. ஆனால் அது சட்டத்தின் பெயரால், காவல் நிலையத்துக்கு மட்டும் தரச் சொன்னது. கழுத்தில் அட்டை மாட்டிவந்த வசூல்காரருக்கு அப்படி எந்த அதிகாரமும் இல்லை.

வீட்டுக்காரரின் வக்கீல், தனியுரிமை அரசுக்கு எதிரான உரிமைதானே என்றார். 2017 ஆகஸ்ட் 24 அன்று புட்டசாமி வழக்கில் ஒன்பது நீதிபதிகள் அதை அடிப்படை உரிமை என்று ஒருமனதாக அறிவித்ததைத்தான் எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். எனக்குக் கைகொடுத்தது அதற்கும் முந்தைய, நம் தமிழ்நாட்டிலிருந்து போன வழக்கு. ஆட்டோ சங்கரின் வாழ்க்கை வரலாற்றை வெளியிடுவது குறித்து நக்கீரன் ஆசிரியர் தொடர்ந்த வழக்கில், 1994-இல் உச்ச நீதிமன்றம் தனியுரிமைக்கு இரண்டு முகம் காட்டியது: ஒன்று அரசியல் சாசன உரிமை, மற்றொன்று, மீறியவரிடம் நஷ்டஈடு கேட்கும் சிவில் உரிமை. கனரா வங்கி வழக்கில், நம் ஆவணம் வங்கியின் கையில் இருப்பதாலேயே நம் தனியுரிமை போய்விடாது என்றும் அதே நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. வங்கிக்குப் பொருந்தும் நியாயம் வீட்டுக்காரருக்கும் பொருந்த வேண்டும் என்பதே என் வாதம். வாடகைக்காகக் கொடுத்த தாள் வாடகைக்கு மட்டுமே.

கடன் நிறுவனத்துக்கு எதிராக இவ்வளவு தூரம் போக வேண்டியிருக்கவில்லை. ரிசர்வ் வங்கியின் 2022 நுண்கடன் விதிகள், காலை 9 மணிக்கு முன்பும் மாலை 6 மணிக்குப் பின்பும் கடன் வாங்கியவரை அழைக்கக் கூடாது, உறவினரைத் தொந்தரவு செய்யக் கூடாது என்று தெளிவாகச் சொல்லியிருந்தன.

இரு தரப்புக்கும் நோட்டீஸ் போனது. நிறுவனம் அந்த ஆளை மாற்றி, தவணையையும் நீட்டித் தந்தது. நகல்களைத் திருப்பிக் கொடுத்த வீட்டுக்காரர், இனி எழுத்துமூலமான சட்ட உத்தரவு இல்லாமல் யாருக்கும் விவரம் தருவதில்லை என்று கையெழுத்திட்டார். நஷ்டஈடு வேண்டாம், பாவை நெய்து முடிக்க விட்டால் போதும் என்றார் அந்தப் பெண். நீதிமன்றப் படி ஏறாமலே முடிந்தது.

வாடகைக்குப் போகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். கடைசி நான்கு இலக்கம் மட்டும் தெரியும் ஆதாரை இணையத்தில் எடுத்துக்கொள்ள முடியும், அதையே கொடுங்கள். நகலின் குறுக்கே 'வாடகை ஒப்பந்தத்துக்கு மட்டும்' என்று எழுதி, தேதியும் கையெழுத்தும் போடுங்கள்.