நூல் அறாத தறி

கடையநல்லூரில் சாரல் இறங்கிவிட்டால் நம்மவரில் பாதிப்பேர் குற்றாலத்திற்கு வண்டி ஏறுவர். மீதிப்பேர் குற்றாலத்திற்கென்று வரும் உறவினரை எதிர்பார்த்து வீட்டிலிருப்பர். சென்ற ஆண்டு ஆனியில் நாம் இரண்டாம் வகையினராய் இருந்தோம். சென்னையிலிருந்து பொதிகை விரைவு வண்டியில் வந்திறங்கிய நம் சகோதரியின் மகன், அருவிக்குச் செல்லும் அவசரம் ஏதுமின்றி, பையிலிருந்து மடிக்கணிப்பொறியை எடுத்துக் கூடத்தில் வைத்தார். ஒலிப்பதிவுத் தொழிலில் இருப்பவர். "மாமா, ஒன்றையே இரண்டாகச் செய்து கொண்டுவந்திருக்கிறேன். ஒன்றில் குரல் உண்டு, மற்றொன்றில் இல்லை. எது நல்லது என்று நீங்கள்தான் சொல்லவேண்டும்" என்றார்.

குரல் என்று அவர் சொன்னது நம் தந்தையாரின் குரலை. ஆகவே இது பொழுதுபோக்கான கேள்வியாக நமக்குப் படவில்லை.

அந்தக் குரல் கணிப்பொறிக்குள் சென்ற கதையை முதலில் சொல்லவேண்டும். கைத்தறி நலிந்த காலங்களில் நம்மூர் நெசவாளர் பலர் குடும்பத்தோடு கப்பலேறிச் சிங்கப்பூர் சென்றதை வாசகர் அறிவர். 1941-இலேயே அங்கே கடையநல்லூர் முஸ்லிம் லீக் தோன்றிவிட்டது. 1946-இல் அச்சங்கத்தார் உமறுப்புலவர் பெயரால் ஒரு தமிழ்ப் பள்ளியையும் நிறுவினர். நம் பெரிய தந்தையார் அப்படிச் சென்றவர்களுள் ஒருவர். 1979-இல் அவர் ஊருக்கு வந்தபோது ஒரு டேப் ரிக்கார்டரைக் கொணர்ந்து தம்பியிடம் கொடுத்து, "ஊர்ச் செய்தியெல்லாம் கடிதத்தில் வருகிறது, தறிச் சத்தம் மட்டும் வருவதில்லை. அதைப் பிடித்து அனுப்பு" என்று சொல்லிச் சென்றார். நம் தந்தையாரும் குழித்தறியின் ஓரத்தில் அந்தக் கருவியை வைத்து, அறுபது நிமிடக் கேசட்டின் ஒரு பக்கம் நிறையுமட்டும் நெய்துகொண்டே பாடி அனுப்பினார். தறியில் ஓடுவதும் நாடா, பெட்டிக்குள் ஓடுவதும் நாடா என்று அன்று அவர் சொல்லிச் சிரித்தது நினைவிருக்கிறது.

பாடியவை பீர் முகம்மது அப்பாவின் ஞானப்புகழ்ச்சியிலிருந்து சில பாடல்கள். தக்கலையில் அடங்கியிருக்கும் அப்பா நம் பக்கத்துத் தென்காசியில் பிறந்தவர். நெசவு செய்து வாழ்ந்தவர் என்பது வழிவழிச் செய்தி. தறிக்குழியில் இறங்கியவர் வாயில் அவர் பாடல் வருவதில் வியப்பில்லை. தந்தையார் 1991-இல் மறைந்தார். பெரிய தந்தையார் குடும்பத்தார் கேசட்டைப் பத்திரமாக வைத்திருந்து, பின்னொரு பயணத்தில் நம்மிடம் சேர்ப்பித்தனர். போட்டுக் கேட்க வீட்டில் கருவி இல்லாமையால் அது அலமாரியில் கிடந்தது. அதைத்தான் மருமகன் சென்னைக்கு எடுத்துச் சென்றிருந்தார்.

ஒன்றோடொன்று கலந்து பதிந்த ஒலிகளிலிருந்து மனிதக் குரலை மட்டும் பிரித்தெடுக்கும் மென்பொருள்கள் இப்பொழுது எவர் கைக்கும் எட்டுகின்றன. அவர் குரலை ஒருபுறமும் தறியை ஒருபுறமுமாகப் பிரித்திருக்கிறார். மிதிகட்டையின் ஓசை, நாடா பாயும் ஓசை, பலகை வந்து துணியில் மோதும் ஓசை ஆகிய மூன்றையும் நறுக்கி, அடுக்கி, திரும்பத் திரும்ப ஒலிக்கவிட்டு, அதன்கீழே மின்கருவியின் ஆழ்ந்த சுருதியொன்றை ஓடவிட்டிருக்கிறார். ஒரு பதிப்பில் அதன்மேல் பாட்டனாரின் குரல் வருகிறது. மறு பதிப்பில் வருவதில்லை.

நாம் இரண்டையும் கேட்டுவிட்டு, சற்றும் தயங்காமல் குரல் உள்ளதே நல்லது என்றோம். அவரோ குரல் இல்லாததையே விரும்பினார். அங்கேதான் வழக்குத் தொடங்கியது.

நம் கட்சி எளியது. நாம் நாகூர் ஹனீபாவின் குரலில் வளர்ந்தவர்கள். 2015 ஏப்ரல் 8-இல் அவர் மறைந்த செய்தி கேட்டபோது, அவர் பாடல்களில் என்னென்ன இசைக்கருவிகள் ஒலித்தன என்று யாரேனும் நம்மை வினவியிருந்தால் ஒன்றையும் சொல்லியிருக்கமாட்டோம். ஒலிபெருக்கியே தேவைப்படாதது போன்ற அந்தக் குரல்தான் நினைவில் நின்றது. கருவி என்பது குரலுக்குக் குடை பிடித்து வருவது. சுல்தான் இல்லாமல் குடை மட்டும் ஊர்வலம் போவதுண்டோ என்று கேட்டோம். கேட்டபின் உவமை நன்றாயிருக்கிறதே என்று மகிழவும் செய்தோம்.

மருமகன் உவமைக்கு மயங்குகிறவர் அல்லர். பம்பாயின் சரண்ஜித் சிங் என்னும் திரைப்பட இசைக்கலைஞரைப் பற்றிச் சொன்னார். 1982-இல் அவர் ரோலண்ட் நிறுவனத்தின் மூன்று மின்கருவிகளை வைத்துக்கொண்டு, பாடகர் துணையின்றிப் பத்து இராகங்களை டிஸ்கோ தாளத்தில் இசைத்து ஓர் இசைத்தட்டு வெளியிட்டாராம். அக்கருவிகளுள் ஒன்று, தனியே பயிலும் கலைஞருக்குப் பின்னணி வாசிக்கவென்றே செய்யப்பட்டது. துணைக்கென்று படைக்கப்பட்ட அதை அவர் முன்னே நிறுத்திவிட்டார். அன்று அதைக் கேட்டவர் சிலரே. 2010-இல் மறுபதிப்பு வந்தபோது, மேல்நாட்டில் பின்னாளில் பெரும்புகழ் பெற்ற ஒருவகை மின்னணு நடன இசை இந்தியாவில் முன்பே ஒலித்திருக்கிறதே என்று உலகம் திகைத்தது. ஹனீபா மறைந்த அதே 2015-இல்தான் இவரும் மறைந்தார். ஒருவரை ஊரே தோளில் சுமந்தது. மற்றவரைத் தெரிந்துகொள்ளவே நமக்கு ஒரு மருமகன் வேண்டியிருந்தது.

நாமும் விடவில்லை. மின்னிசையின் பெரும் வெற்றி என்று அவர்களே கொண்டாடும் 1977-ஆம் ஆண்டுப் பாடலொன்று உண்டு. இத்தாலியரான ஜார்ஜியோ மொரோடர் அமைத்தது. ஏறக்குறைய இசை முழுவதும் சிந்தசைசரில் பிறந்தது. ஆனால் அதன்மேல் டொன்னா சம்மர் என்னும் பெண்மணியின் குரல் மிதக்கிறது. இயந்திரத்தை மனிதர் காதுக்குக் கொண்டுவந்து சேர்த்தது அந்தக் குரல் அல்லவா என்றோம்.

"அது அவர்களுக்கு. நமக்கு அருகில் வாருங்கள், மாமா" என்று அவர் ஏ.ஆர். ரஹ்மானிடம் வந்தார். 1995-இல் வெளிவந்த 'பம்பாய்' படத்தின் கருப்பொருள் இசையில் பாடல் வரிகள் கிடையா. புல்லாங்குழலும் நரம்பிசையும் மெல்லிய தாளமும்தான். அப்படத்தைக் குறித்து நம்மிடையே இருவேறு கருத்துகள் இருந்தன. அந்த இசையைக் குறித்து இருந்ததாக நாம் அறியோம். தீபா மேத்தாவின் 'ஃபயர்' படத்தில் 1996-இல் அது ஒலித்தது. பலஸ்தீன இயக்குநர் எலியா சுலைமான் 2002-இல் தம் மக்களின் துயரைச் சொன்ன படத்திலும் அதையே எடுத்தாண்டார். "அதில் நான்கு வரி தமிழ் இருந்திருந்தால் ஜெருசலம் வரை போயிருக்குமா?" என்று கேட்டார். பலஸ்தீனத்தின் பெயரைச் சொன்னபின் நம்மால் உடனே மறுமொழி கூற இயலவில்லை. அது அவருக்கும் தெரியும்.

சற்று நேரம் கழித்து நமக்கு நினைவு வந்தது அதே ரஹ்மானின் மற்றொரு படைப்பு. 2008-இல் வந்த 'ஜோதா அக்பர்' இசைத்தொகுப்பில் அஜ்மீர் காஜா முயீனுத்தீன் சிஷ்தி அவர்களைப் போற்றும் பாடல் இரண்டு முறை இருக்கிறது. ஒருமுறை ரஹ்மானே பாடுகிறார். மறுமுறை அதே மெட்டு, பாட்டின்றி, ஓபோ என்னும் துளைக்கருவியில் வருகிறது. நம் வழக்கிற்கு இதைவிட நேரான சாட்சி கிடைக்காது. மெட்டு ஒன்று, படைத்தவர் ஒருவர், குரல் மட்டுமே வேற்றுமை. இரண்டையும் அப்பொழுதே அடுத்தடுத்துக் கேட்டோம். பாடலில் நாம் காஜாவை நினைத்தோம். கருவியிசையில் பாடலை நினைத்தோம். கருவி வாசிக்க வாசிக்க நம் உதடுகள் சொற்களைத் தேடின. முன்பே பாடலைக் கேளாத ஒருவர் ஓபோவை மட்டும் கேட்டால் என்ன நினைப்பார்? இனிமை என்பார், அவ்வளவுதானே என்றோம். மருமகன் இம்முறை மறுக்கவில்லை. வென்றுவிட்டதாகவே எண்ணினோம்.

இவ்விடத்தில் நம் வாசகருள் சிலர் புருவம் உயர்த்துவது தெரிகிறது. இசைக்கருவிகள் மார்க்கத்தில் ஆகுமா என்பதில் ஆலிம்களிடையே நெடுங்காலமாகக் கருத்துவேற்றுமை உண்டு. தஃப் மட்டும் போதும் என்போரும் உளர். தீர்ப்புச் சொல்லும் தகுதி நமக்கில்லை. அந்தப் பேணுதலால் விளைந்த ஒரு புதுமையை மட்டும் குறித்துச் செல்வோம். கருவிகளை அறவே விலக்கி, குரல் மட்டும் என்று அறிவித்து வரும் நஷீதுகளை நம் இளைஞர் விரும்பிக் கேட்கின்றனர். அவற்றுள் பலவற்றில் முரசு போலவும் சுருதிப்பெட்டி போலவும் ஒலிப்பவை, மனிதக் குரலையே கணிப்பொறியில் இட்டு உருமாற்றியவை. ஆக, குரலில்லாத மின்னிசை ஒருபுறம், குரலே மின்னிசையானது மறுபுறம். வேண்டும், வேண்டாம் என்று இரண்டு பெட்டிகளில் இதை அடைத்துவிட முடியாது என்று அப்பொழுதே நமக்குத் தோன்றியிருக்கவேண்டும். தோன்றவில்லை.

அஸர் தொழுகைக்குப்பின் நம் அன்னையாரைக் கூடத்திற்கு அழைத்துவந்து அமர்த்தினோம். அகவை எண்பத்தெட்டு, கண் மங்கினாலும் செவி கூர்மை. அழுதுவிடுவாரோ என்னும் அச்சம் நம் சகோதரிக்கு. தந்தையாரின் குரலை நீக்கிவிட்டு ஒரு பதிப்பா என்று மகன்மேல் அவருக்கு ஏற்கெனவே வருத்தம். முதலில் குரலுள்ளதைப் போட்டோம்.

அன்னையார் அழவில்லை. முதற்பாட்டு முடியுமட்டும் தலைகவிழ்ந்து கேட்டார். இரண்டாவது பாட்டின் நடுவே நிமிர்ந்து, பேரனைப் பார்த்து, "ஏலே, இந்தத் தறியில நூலே அறாதா?" என்றார்.

எங்கள் இருவருக்கும் விளங்கவில்லை. அவர் விளக்கினார். பாவில் ஓர் இழை அறுந்தால் தறி நிற்கும். முடிச்சுப் போட்டபிறகே மறுபடி மிதிக்கலாம். தார் தீர்ந்தால் நிற்கும். நாடாவில் வேறு தார் இடவேண்டும். தறி நிற்கும்போது பாட்டும் நிற்கும். தார் மாற்றுகையில் அரை மூச்சு நேரம். இழை முடிகையில் அதைவிடக் கூடுதல். அடுக்களையில் இருந்தபடியே, நின்ற நேரத்தை வைத்து இன்னதென்று சொல்லிவிடுவாராம். "இது யாரோ நெய்யுற தறி. அவுக தறி இல்ல" என்று முடித்துவிட்டார்.

மருமகனின் முகம் சுண்டிவிட்டது. தாளம் இடையறாது ஓடவேண்டும் என்பதற்காக, நின்ற இடங்களையெல்லாம் வெட்டி எறிந்தவர் அவர். முற்பகலில் அவர் நமக்கு வேறொரு செய்தி சொல்லியிருந்தார். 1804-இல் பிரான்சு நாட்டு ஜக்கார்டு என்பவர் துளையிட்ட அட்டைகளால் பூவேலை நெய்யும் தறியை அமைத்ததும், அந்த அட்டைகளைக் கண்டே சார்லஸ் பாபேஜ் தம் கணக்கிடும் பொறிக்கு வழி வகுத்ததும், அதனால் கணிப்பொறியே தறியின் வழிவந்த பேரப்பிள்ளை என்பதும் அவர் பெருமிதத்தோடு சொன்னவை. உண்மைதான். ஆனால் பேரப்பிள்ளைக்கு இழை அறுவதில்லை. திரும்பத் திரும்ப ஒரே அடியை, ஒரு மயிரிழை பிசகாமல், விடியுமட்டும் அடிக்கும். அதன்மேல் எந்தக் குரலை வைத்தாலும் அந்தக் குரலுக்கு மூச்சுவிட இடமில்லை. 'பம்பாய்' இசை குரலின்றியும் நம்மைத் தொடுகிறதென்றால், அதிலே குழல் ஊதுகிறவர் மூச்சு வாங்கும் இடம் கேட்கிறது. குடையும் சுல்தானுமாக நாம் வாதிட்டுக்கொண்டிருந்தபோது இதை எண்ணிப் பார்க்கவேயில்லை.

அன்றிரவு மருமகன் உறங்கவில்லை. மூல ஒலிநாடாவின் பதிவை வைத்துக்கொண்டு, வெட்டியெடுத்த நிறுத்தங்களை ஒவ்வொன்றாகத் தேடி, இருந்த இடத்தில் இருந்த அளவிலேயே திரும்பப் பொருத்தினார். காலையில் குரலில்லாத பதிப்பைப் போட்டார். இதை முதலில் கேட்கச் செய்வதற்கு நாம் இசையவில்லை, அவர் பிடிவாதமாயிருந்தார்.

தறி ஓடியது. நின்றது. "தாரு" என்றார் அன்னையார். மீண்டும் ஓடி, மீண்டும் நின்றது. "அறுந்துபோச்சு" என்று சொல்லி, முடிச்சு விழும்வரை காத்திருப்பவர்போல் விரலைப் பிடித்துக்கொண்டிருந்தார். தறி ஓடத்தொடங்கியதும் விரலை விட்டார். தந்தையாரின் குரல் ஓரிடத்திலும் இல்லை. முதல்நாள் குரலோடு கேட்டபோது யாரோ நெய்வதாகச் சொன்னவர், இப்பொழுது யாருடைய தறி என்று ஐயுறவேயில்லை. நம் சகோதரி அடுக்களை வாயிலில் நின்று இதைப் பார்த்துக்கொண்டிருந்தார். தம் வருத்தத்தைப் பற்றி அதன்பின் அவர் பேசவில்லை.

ஒன்று மட்டும் குறைந்தது. ஏறத்தாழ முக்கால் பகுதி கடந்தவுடன் அன்னையார், "இங்கே ரொம்ப நேரம் நின்னிருக்கணுமே" என்றார். மருமகன் விழித்தார். மூலத்தில் அவ்விடத்தில் ஒரு நிமிடமும் பத்து நொடியும் ஒலியே இல்லை. நாடா பழுதுபட்டு அழிந்த பகுதி என்று எண்ணி, இரண்டாம் முறையும் அதை விட்டுவிட்டிருந்தார். அழிந்ததன்று என்றார் அன்னையார். சாயா கொண்டுவந்தது அவர்தான். சிங்கப்பூருக்குப் போகும் பதிவில் தம் குரல் விழுந்துவிடக் கூடாதென்று, ஒன்றும் பேசாமல் தறியோரத்தில் டம்ளரை நீட்டிவிட்டு, தந்தையார் குடித்து முடிக்குமட்டும் நின்றிருந்தாராம்.

மருமகன் கணிப்பொறியை மடியில் வைத்து, அந்த ஒரு நிமிடம் பத்து நொடியை எடுத்து இருந்த இடத்தில் வைத்தார்.