இரைச்சலுக்குள் ஒரு கமகம்

'அகம்' குழுவின் ரசிகர்கள் இரவு ஏழு மணிக்கு வந்தால் போதும். குழுவின் பாட்டு அவர்கள் காதுக்கு எப்படிப் போய்ச் சேர்கிறது என்று பார்க்க விரும்பிய நான் மதியமே, கச்சேரி நடக்கவிருந்த பெங்களூரின் திறந்தவெளி மைதானத்துக்குப் போய்விட்டேன். மேடையில் பாடகர் யாரும் இல்லை. கேபிள் இழுக்கும் பையன்கள் கன்னடமும் தமிழும் கலந்து ஒருவரை ஒருவர் விரட்டிக்கொண்டிருந்தார்கள்.

கர்நாடக இசையையும் ராக்கையும் இணைக்கும் இந்தக் குழு 2003இல் பெங்களூரில் உருவானது. 2007இல் சன் டிவியின் 'ஊ ல ல லா' போட்டியில் வென்றது. வென்ற கையோடு சினிமாப் பக்கம் போய்விடவில்லை. அலுவலக வேலையையும் ஒத்திகையையும் சேர்த்தே ஓட்டி, முதல் ஆல்பத்தை 2012இல் வெளியிட்டார்கள். இரண்டாவது 2017இல்தான் வந்தது. இத்தனை மெதுவாக ஆல்பம் போடும் குழுவுக்குக் கூட்டம் சேர்ந்துகொண்டே போகிறதென்றால், அதில் பெரும்பங்கு மேடைக்குத்தான்.

அந்த மேடையில்தான் சிக்கலும் இருக்கிறது. குழுவின் பாடகர் ஹரீஷ் சிவராமகிருஷ்ணனின் குரலுக்கு, ஸ்வரத்தை அசைத்து வளைக்கும் கமகம்தான் உயிர். டிஸ்டார்ஷன் போட்ட கிட்டாரோ இடைவெளியே விடாமல் ஒலியை நிரப்பிவிடும். குரலின் சொற்கள் தெளியும் 2,000 முதல் 4,000 ஹெர்ட்ஸ் வரையான பகுதியில் அதுவும் வந்து உட்கார்ந்துகொள்ளும். கன்சோல் முன் நின்ற சவுண்ட் இன்ஜினீயர் அந்தப் பகுதியில் மட்டும் கிட்டாரைக் கொஞ்சம் வெட்டினார். பிறகு குரலுக்கான கம்ப்ரஸரைத் தளர்த்தினார். இறுக்கினால் குரல் எங்கும் ஒரே அளவில் கேட்கும். ஆனால் கமகத்தின் ஏற்ற இறக்கம் தட்டையாகிவிடும். சுவாதித் திருநாளின் தனஸ்ரீ தில்லானா ராக் மேடையிலும் தனஸ்ரீயாகவே ஒலிப்பதில் இந்தச் சின்னத் திருகலுக்கும் பங்குண்டு.

டிரம்ஸுக்கு மட்டும் வரிசையாக மைக்குகள். ஒவ்வொன்றையும் தனித்தனியாகத் தட்டிக் கேட்டார்கள். மேடையிலிருந்து ஒரு குரல்: "அண்ணா, வயலின் எனக்கு வரல." இன்னொரு கேபிள் மாறியது.

இருட்டியதும் கூட்டம் நிறைந்தது. எனக்குப் பக்கத்தில் நின்ற கல்லூரிப் பெண் ஒருத்தி தில்லானாவின் சொற்கட்டை ஒன்றுவிடாமல் பாடினாள். பின்வரிசைகளும் சேர்ந்துகொண்டன. கன்சோல்காரர்களின் அடுத்த வேலை அங்கே ஆரம்பிக்கிறது. ஒலி ஒரு நொடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும். 70 மீட்டர் தள்ளி நிற்பவருக்குப் பாட்டு போய்ச் சேர 0.2 நொடி, அவர் பாடுவது மேடைக்குத் திரும்ப இன்னொரு 0.2. நிமிடத்துக்கு 150 தட்டு ஓடும் பாட்டில் அது முழுதாக ஒரு தட்டு. அந்தக் குரல்களை நம்பி வாசித்தால் குழுவின் காலப்பிரமாணம் சரிந்துவிடும்.

அதற்காகத்தான் காதுக்குள் வைக்கும் மானிட்டர். வெளிச்சத்தத்தை அடைத்து, தாளத்தையும் குழுவின் வாசிப்பையும் நேராகக் காதில் தரும். அடைத்தது அடைத்தபடியே விட்டால் பாடகர் ஆளில்லாத அறையில் பாடுவதுபோல் உணர்வார். அதனால் மேடை விளிம்பில் கூட்டத்தை நோக்கி இரண்டு மைக் வைத்து, ரசிகர்களின் குரலைச் சிறிதளவு அந்த மானிட்டருக்குள் கலந்துவிடுகிறார்கள். முதலில் தள்ளிவைத்து, பிறகு அளந்து உள்ளே விடுவது!

ரசிகர் பெருக்கத்தை டிக்கெட் கணக்கில்தான் இதுவரை யோசித்திருந்தேன். இங்கே அது மீட்டரிலும் மில்லிநொடியிலும் வந்து நிற்கிறது. கூட்டம் 50 மீட்டர் பின்னால் நீண்டால், அங்கே இன்னொரு ஸ்பீக்கர் கோபுரம் எழ வேண்டும். மேடை ஒலியோடு சேர்ந்து ஒலிக்க, அதைச் சுமார் 150 மில்லிநொடி தாமதிக்கவும் வேண்டும். கோபுரத்துக்கு வாடகை, ஏற்ற ஆட்கள், லாரி எல்லாம் சுயேச்சைக் குழுவின் கைக்காசு. கடைசி வரிசைக்கும் கமகம் கேட்க வேண்டும் என்று நினைக்கும் குழு அந்தச் செலவைக் குறைக்க முடியாது.