பைற்றருக்குத் துணை வேணுமா?



எங்கள் வகுப்பறை மீன்தொட்டியின் படத்தைப் போட்ட நாளில் இருந்து ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது. "ரீச்சர், பைற்றரோட வேற என்ன மீன் விடலாம்?" ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் எழுதி முடியவில்லை. தெரிந்ததை ஒரே இடத்தில் எழுதிவிடுகிறேன். பதிவு கொஞ்சம் நீளம்தான். பிள்ளைகளுக்கு மீன் வாங்கிக் கொடுக்க இருப்பவர்கள் கடைக்குப் போக முதல் ஒருக்கால் வாசியுங்கள்.

முதலில் நேரான பதில். பைற்றருக்குத் துணை தேவையில்லை. தொட்டி நிறைய மீன் ஓடித் திரிவதைப் பார்க்கிற ஆசை நமக்குத்தான். அந்த ஆசையில் ஒரு பிழையும் இல்லை. ஆனால் ஆசை நம்முடையது என்றால் எந்த மீனுக்கும் காயம் வராமல் பார்க்கிற பொறுப்பும் நம்முடையதுதான். இனி எழுதப்போவது எல்லாம் அந்தப் பொறுப்பைப் பற்றியதே.

பைற்றர் ஏன் இப்படி?

இதன் சொந்த இடம் தாய்லாந்துப் பக்கத்து வயல்களும் சதுப்புகளும். ஆழம் குறைந்த, புல் மண்டிய, ஓட்டமில்லாத தண்ணீர். ஆண் மீன் தண்ணீரின் மேற்பரப்பில் நுரைக்குமிழிகளால் கூடு கட்டி, முட்டையையும் குஞ்சையும் தானே காவல் காக்கும். கூட்டுக்குக் கிட்ட இன்னொரு ஆண் வந்தால் செவுளை விரித்து மிரட்டும், அதற்கும் போகாவிட்டால் கடிக்கும். வயலில் தோற்ற மீன் புல்லுக்குள் ஓடித் தப்பிவிடும். கண்ணாடித் தொட்டியில் ஓட இடமில்லை. அங்கே சில நிமிடத்தில் முடிகிற சண்டை இங்கே சாவில் முடிவது அதனால்தான். போதாக்குறைக்கு, பந்தயத்துக்காகச் சண்டைக் குணம் கூடிய மீன்களையே தெரிந்து தலைமுறை தலைமுறையாக இனம் பெருக்கியும் இருக்கிறார்கள். அதே தாய்லாந்து 2019இல் இதைத் தன் தேசிய நீர்வாழ் உயிரினமாக அறிவித்தது.

ஆகவே இரண்டு ஆண் பைற்றரை ஒரு தொட்டியில் விடவே கூடாது. ஆணையும் பெண்ணையும் நிரந்தரமாக ஒன்றாக வைப்பதும் சரிவராது. இனப்பெருக்கம் முடிந்ததும் ஆண், பெண்ணைக் கூட்டுக்குக் கிட்ட வரவிடாமல் அடித்துத் துரத்தும்.

கிணற்றுக் கப்பி

தரம் 6 பிள்ளை ஒருவன் கேட்டான். "ரீச்சர், அது தனிய இருந்தா கவலைப்படாதோ? எங்கட கிணத்தில நிறையக் கப்பி நிக்குது. பிடிச்சு விடட்டோ?"

அவனுடைய அப்பா வெளிநாட்டில். அண்ணாவும் போன வருடம் போய்விட்டான். வீட்டில் இப்போது அவனும் அம்மாவும் அம்மம்மாவும்தான். அவன் யாருடைய தனிமையைப் பற்றிக் கேட்கிறான் என்று எனக்கு விளங்கியது. அதற்காக மீனைப் பற்றிப் பொய் சொல்ல முடியாது. "தனிய ஒரு இடத்தைப் பிடிச்சு வைச்சிருக்கிறதுதான் அதுக்கு நிம்மதி அப்பன். ஆனா தினமும் சாப்பாடு போடுற ஆளை அதுக்கு நல்லாத் தெரியும். நீ கிட்டப் போனா கண்ணாடிக்கு வருதோ எண்டு பார்" என்றேன். அடுத்த நாள் ஓடி வந்து "வருது ரீச்சர்" என்றான்.

கப்பியை ஏன் வேண்டாம் என்றேன் என்பதையும் சொல்ல வேண்டும். ஆண் கப்பிக்குப் பெரிய வாலும் பளிச்சென்ற நிறமும் உண்டு. பைற்றரின் கண்ணுக்கு அது இன்னொரு சின்னப் பைற்றர் மாதிரித்தான். பெண் கப்பி மாதா மாதம் குஞ்சு போடும், குஞ்சுகள் பைற்றருக்கு இரையாகும். சில வீடுகளில் இரண்டும் ஒன்றாக இருக்கின்றன என்பது உண்மைதான். ஆனால் அதை நம்பி ஒரு பிள்ளையிடம் "விட்டுப் பார்" என்று சொல்ல எனக்கு மனமில்லை.

அதைவிடக் கிணற்றில் அவைக்கு வேறு வேலை இருக்கிறது. 2016 செப்டெம்பரில் மலேரியா அற்ற நாடு என்று இலங்கைக்கு உலக சுகாதார ஸ்தாபனம் சான்றிதழ் கொடுத்தது. அதே ஆண்டு டிசெம்பரில் அனோபிலிஸ் ஸ்ரிபென்சி என்ற, கிணற்றிலும் தண்ணீர்த் தாங்கியிலும் பெருகக்கூடிய மலேரியா நுளம்பை மன்னாரில் கண்டுபிடித்தார்கள். பிறகு யாழ்ப்பாணத்திலும் கண்டார்கள். நுளம்புக் குடம்பியைத் தின்னட்டும் என்றுதான் வடக்கில் கிணறுகளில் கப்பி விட்டார்கள். அந்த மீன்கள் கிணற்றிலேயே நிற்கட்டும்.

முதலில் நம் தண்ணீர்

எந்த மீன் ஒத்துவரும் என்று இணையத்தில் தேடினால் பெரிய பட்டியல் வரும். அந்தப் பட்டியலுக்கு இணுவில் தண்ணீரைத் தெரியாது. நாங்கள் வலிகாமத்தின் சுண்ணக்கல்லுக்கு மேல் இருக்கிறோம். கேத்தலுக்குள் படிகிற வெள்ளைப் படையே தண்ணீர் எவ்வளவு வன்மை என்பதற்குச் சாட்சி. நியோன் ரெட்ரா போன்றவை மென்னீர் ஆற்று மீன்கள். இங்கே நாலு நாள் அழகாக ஓடிவிட்டுப் பிறகு ஒன்றொன்றாகச் சாகும். அந்தப் பழி பைற்றர் மேல் விழும்.

அடுத்தது நைத்திரேற்று. வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் காலம் காலமாகப் போட்ட பசளை நிலத்தடிக்கு இறங்கியிருக்கிறது. லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்ற குடிநீர் எல்லையை யாழ்ப்பாணத்துத் தோட்டப் பகுதிக் கிணறுகள் பல தாண்டுகின்றன. வழக்கமாகத் தொட்டித் தண்ணீரில் ஒரு பகுதியை மாற்றினால் நைத்திரேற்று குறைய வேண்டும். கிணற்றிலேயே அது கூடுதலாக இருந்தால் மாற்றினாலும் குறையாது. ஆகவே மீனைக் குறைவாக விடுங்கள், நீர்ச்செடியைக் கூடுதலாக வையுங்கள். மாரியில் துப்பரவான கூரையில் இருந்து பிடித்த மழைத்தண்ணீரைக் கலந்தால் வன்மையும் குறையும். சுன்னாகத்துக் கிணறுகளில் கழிவெண்ணெய் கலந்ததைப் பார்த்த அயல் நாங்கள். தண்ணீரைச் சோதிக்காமல் நம்பக்கூடாது என்று நமக்கு யாரும் புதிதாகச் சொல்லத் தேவையில்லை.

யாரை விடலாம், யாரை விடக்கூடாது

இடம் முதலில். இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம் உள்ள தொட்டி ஏறத்தாழ 56 லீற்றர் கொள்ளும். அதைவிடச் சின்னதென்றால் பைற்றர் தனியவே இருக்கட்டும். தனிய இருக்கிறதற்கும் 20 லீற்றர் கொடுங்கள். ஜாம் போத்தல் மீனுக்கு வீடு இல்லை.

வேண்டாதவை: ரைகர் பார்ப், அது மற்ற மீனின் செட்டையைக் கொத்தும். கோல்ட் பிஷ், அது பெரிதாக வளரும், கழிவும் கூட, குளிர்ந்த தண்ணீர் கேட்கும். ஏஞ்சல், அதுவும் இடம் பிடித்துச் சண்டை போடும். கௌராமி, அது பைற்றரின் உறவுக்காரன், இரண்டும் மேற்பரப்புக்குப் போட்டி போடும். கண்ணாடி துப்பரவாக்கும் என்று கடையில் தருகிற சக்கர் மீன் ஓரடிக்கு மேல் வளரக்கூடியது, வீட்டுத் தொட்டிக்கு அளவில்லை.

பொருந்தக்கூடியவை: பைற்றர் மேலே திரிகிற மீன் என்றபடியால் அடியில் திரிகிற அமைதியான மீன்களே முதல் தெரிவு. வெண்கல நிறக் கொறி வகை நம் தண்ணீரை ஓரளவு தாங்கும். ஆனால் அவை கூட்ட மீன்கள், ஆறாவது வேண்டும். அடியில் கூர்க்கல் போடாமல் மென்மணல் போடுங்கள், கல்லில் அவற்றின் மீசை தேய்ந்துவிடும். வன்னீரை விரும்புகிற பிளட்டியையும் யோசிக்கலாம். நத்தைகளும் பரவாயில்லை, சுண்ணாம்புத் தண்ணீரில் அவற்றின் ஓடு நன்றாக இருக்கும். ஆனால் சில பைற்றர்கள் நத்தையின் உணர்கொம்பைக் கடிக்கும், பார்த்துக்கொள்ளுங்கள்.

நம் நாட்டு மீன் ஒன்றும் உண்டு. செரி பார்ப். தென்மேற்கு இலங்கையின் நிழல் மூடிய ஓடைகளுக்கே உரியது. சிங்களத்தில் லே தித்தயா. 'லே' என்றால் இரத்தம், ஆணின் சிவப்புக்கு வந்த பெயர். பி. ஈ. பி. தெரணியகல 1929இல் இதை அறிவியலுக்கு விபரித்தபோது 'தித்தேயா' என்ற அந்தப் பெயரையே வைத்தார். சாதுவான மீன், வால் குட்டை. மழைத்தண்ணீர் கலக்க முடிந்தவர்கள் ஆறு ஏழாக வளர்க்கலாம். தொட்டியில் இனம்பெருக்கிய குஞ்சா என்று கேட்டு வாங்குங்கள், ஓடையில் பிடித்ததென்றால் வேண்டாம்.

பட்டியலுக்கு வெளியே இருக்கிற விஷயம்

எல்லாம் சரியாக இருந்தாலும் பைற்றருக்குப் பைற்றர் குணம் வேறு. எங்கள் வகுப்புத் தொட்டியில் மூன்று பிளட்டி விட்டோம். முதல் மூன்று நாளும் ஒன்றும் நடக்கவில்லை. நாலாம் நாள் அந்தத் தரம் 6 பிள்ளைதான் பார்த்துச் சொன்னான். "ரீச்சர், ஒரு பிளட்டி சாப்பிட வரேல்லை. பில்டருக்குப் பின்னால ஒளிச்சு நிக்குது." செட்டையில் சின்னக் கிழிசல். பிளட்டி மூன்றையும் அன்றே வேறு தொட்டிக்கு மாற்றினோம். அவை பிறகு இன்னோர் ஆசிரியை வீட்டில் வேறொரு பைற்றரோடு ஒரு குறையும் இல்லாமல் இருக்கின்றன. எங்கள் பைற்றர் இப்போது ஆறு கொறிகளோடு இருக்கிறது, அவற்றைத் திரும்பியும் பார்ப்பதில்லை.

அந்தப் பிள்ளையிடம் ஒரு கொப்பியைக் கொடுத்தேன். யார் சாப்பிட்டது, யார் ஒளித்தது, யார் யாரைத் துரத்தியது என்று தினமும் எழுதுகிறான். கிழமை முடிவில் அண்ணாவுக்குப் படம் எடுத்து அனுப்புகிறானாம். அண்ணாவும் அங்கிருந்து கேள்வி கேட்கிறானாம்.

துணை விட முடிவெடுத்தால் இந்த ஒழுங்கில் செய்யுங்கள்.

1. தொட்டியையும் பில்டரையும் நாலு முதல் ஆறு கிழமை ஓடவிட்டு நல்ல பக்ரீரியாவைப் பிடிக்க விடுங்கள்.

2. புது மீனை இரண்டு கிழமை வேறு பாத்திரத்தில் வைத்து நோய் பாருங்கள்.

3. துணை மீன்களை முதலிலும் பைற்றரைக் கடைசியிலும் விடுங்கள். பைற்றர் ஏற்கெனவே தொட்டியில் இருந்தால் அதை வெளியில் எடுத்து, செடியையும் கல்லையும் இடம் மாற்றி, மற்ற மீன்களை விட்டபிறகு திருப்பி விடுங்கள். பழைய எல்லைக்கோடு அழிந்துவிடும்.

4. ஒளிக்க இடம் நிறைய வையுங்கள். ஒன்றை ஒன்று எந்நேரமும் பார்க்கக்கூடாது.

5. பிரித்து வைக்க ஒரு தொட்டியோ பெரிய வாளியோ தயாராக இல்லாவிட்டால் துணையே வாங்காதீர்கள்.

கரண்டையும் யோசியுங்கள். 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு இருந்தது. பைற்றருக்குச் செவுளுக்கு மேலே காற்றைச் சுவாசிக்க ஓர் உறுப்பு உண்டு, பம் நின்றாலும் மேலே வந்து மூச்செடுக்கும். பார்ப்புக்கும் பிளட்டிக்கும் அது இல்லை. நெருக்கி அடைத்த தொட்டியில் முதலில் போவது அவைதான்.

கடைசியாகப் பெற்றோருக்கு இரண்டு வார்த்தை. பிள்ளைகள் சிலர் போத்தலில் பைற்றர் கொண்டுவந்து சண்டைக்கு விடுகிறார்கள். கண்டால் அடிக்காதீர்கள், பேசியும் கலைக்காதீர்கள். கிழிந்த செட்டையைக் காட்டி, அது வளர எத்தனை கிழமை எடுக்கும் என்று பக்கத்தில் இருந்து பார்க்க வையுங்கள். பார்த்த பிள்ளை திரும்பச் செய்யாது.

ஒத்துவராத மீனைக் குளத்திலோ கேணியிலோ கிணற்றிலோ விடவும் வேண்டாம். பாடசாலைக்குக் கொண்டுவாருங்கள். நான் ஐந்து சந்தியில் இருந்து தினமும் காங்கேசன்துறை வீதியால்தான் வருகிறேன், முதலே சொன்னால் வழியில் வாங்கிக்கொள்ளவும் முடியும். பாவிக்காத பழைய தொட்டி வீட்டில் கிடந்தாலும் தாருங்கள். பிரித்து வைக்க எப்போதும் ஒன்று தேவைப்படுகிறது.

உங்கள் வீட்டுப் பைற்றரோடு எந்த மீன் எத்தனை மாதம் இருந்தது, தண்ணீர் எந்தப் பக்கத்துக் கிணறு என்று கீழே எழுதுங்கள். நம் ஊர்த் தண்ணீருக்கு நாமே ஒரு பட்டியல் செய்வோம்.